ஆட்டக்காரன் யார்?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீடியோ விளையாட்டு. இதைக் கேட்டதும் பெரியோர்களிற் சிலர் முகஞ் சுளிப்பதையும், பின்வரிசை நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவதையும் இங்கிருந்தே காண்கின்றோம். இரு சாராருக்கும் சொல்லவேண்டியது உண்டு. இரு சாராரும் பொறுத்தருள்க.

விளையாடும் இளைஞரிடையே இன்று இரண்டு கட்சிகள் உள்ளன. ஒன்று தீவிர ஆட்டக்காரர் கட்சி. விலையுயர்ந்த கணினி, குழு, பயிற்சி, போட்டி என்பனவே இவர்களுக்கு உலகம். மற்றது பொழுதுபோக்கு ஆட்டக்காரர் கட்சி. பேராதனையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ், நெரிசலில் நின்றுவிட்டால், கைத்தொலைபேசியை எடுத்து மிட்டாய்களை வரிசைப்படுத்துவோர் இவர்கள். முன்னவர் பின்னவரைப் பார்த்து, "இதுவும் ஓர் ஆட்டமா?" என்று நகைக்கின்றனர். பின்னவரோ முன்னவரைப் பித்தர் என்கின்றனர்.

இப்பிரிவினை நம் ஊரிற் பிறந்ததன்று. 1984ஆம் ஆண்டில் மொஸ்கோவிலே அலெக்சி பஜித்னோவ் என்பவர் ஆக்கிய டெட்ரிஸ் என்னும் ஆட்டத்தைச் சிறுவரும் முதியவரும் ஒருங்கே ஆடினர். 2006இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'வீ' என்னும் கருவியை வெளியிட்டது. கையை வீசினாலே திரையில் டெனிஸ் ஆடலாம். அது பத்துக் கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. பேரப்பிள்ளைகளோடு பாட்டிமாரும் ஆட வந்தனர். பின்னர் கைத்தொலைபேசி வந்து, ஆட்டத்தை எல்லோருடைய சட்டைப்பையிலும் வைத்துவிட்டது. பழைய ஆட்டக்காரர் சிலருக்கு, தம் வீட்டினுள் அந்நியர் புகுந்துவிட்டாற் போன்ற மனத்தாங்கல் உண்டாயிற்று. அம்மனத்தாங்கலே இன்று நம்மிடமும் வந்து குடியிருக்கின்றது.

இதனால் யாருக்கென்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டம் நமது சங்கத்துக்கே நேர்ந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. தோட்டத்து லயங்களிலும் கடன்பட்டேனும் ஒன்றை வாங்கினார்கள். அவ்வாறு வாங்கிய, கண்ணாடி வெடித்த ஒரு கைத்தொலைபேசியோடு, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தம்பி ஒருவன் இங்கே வந்துகொண்டிருந்தான். சென்ற ஆண்டு நாம் வீடியோ விளையாட்டுப் போட்டியொன்று நடத்த எண்ணியபோது, அவனும் பெயர் கொடுக்க வந்தான். "கணினியில் ஆடுபவர்களுக்கே போட்டி. போனில் தட்டுகிறவன் ஆட்டக்காரன் அல்லன்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சொன்னவர்களுள் இப்போது பேசுகின்ற நாமும் ஒருவர். அவன் சிரித்துக்கொண்டே போனான். அடுத்த வாரம் பண்ணிசை வகுப்புக்கு வரவில்லை. அதன்பின் வரவேயில்லை.

சில மாதங்களின் பின் அவனுடைய தமக்கையைக் கண்டோம். அந்தக் கைத்தொலைபேசி இருவருக்கும் பொதுவாம். அவர் இரவு ஒன்பது மணிவரை அதிற் படிப்பார். பின்னர் ஒரு மணி நேரம் தம்பியின் முறை. பத்து மணியானதும், ஆட்டம் பாதியில் நின்றாலும், கீழே வைத்துவிடுவானாம். நாமோ சொந்தக் கணினி வைத்திருந்தும், பரீட்சைக்கு முதனாள் இரவு விடியும்வரை ஆடி, ஒரு பாடத்திற் சித்தியெய்தத் தவறியவர்கள். இவ்விருவரில் ஆட்டத்தை ஆண்டவன் யார், ஆட்டத்தால் ஆளப்பட்டவன் யார் என்பதைச் சபையோரே தீர்மானியுங்கள்.

கைத்தொலைபேசி ஆட்டம் தாழ்ந்தது என்ற வாதமும் நில்லாது. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுகள் காட்சிப் போட்டிகளாக இடம்பெற்றன. அவற்றுட் சில கைத்தொலைபேசிக்கென்றே ஆக்கப்பட்டவை. அங்கே இந்தியாவுக்கு வெண்கலம் பெற்றுத் தந்தவர் குஜராத்தின் பூஜ் நகரத்து இளைஞர் தீர்த் மேத்தா. அவர் ஆடிய 'ஹார்த்ஸ்டோன்' ஒரு சீட்டாட்டம். அதனைக் கைத்தொலைபேசியிலும் ஆடலாம். 2023இல் ஹாங்சௌவில் நடந்த விழாவிலோ, இவை முறையான பதக்கப் போட்டிகளாகவே நடைபெற்றன.

நாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே முதற் பதினொருவருக்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் மைதானத்தின் ஓரத்தில் பழம்பந்தை அடித்துக்கொண்டிருந்தவனை, "நீ கிரிக்கெற் ஆடுபவன் அல்லன்" என்று எவரும் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் அடுத்த ஆண்டின் பதினொருவர் எங்கிருந்து வருவர்?

இனிப் பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. தீவிரமாய் ஆடுபவன் கெட்டுப்போவான், சும்மா ஆடுபவனுக்கு ஆபத்தில்லை என்பது தங்கள் எண்ணம். மகாபாரதத்தை நினைவுகூருங்கள். சூதாட்டத்தில் வல்லவன் சகுனி. தருமரோ ஆட்டத்தில் விருப்பமிருந்தும் வித்தை அறியாதவர். நாட்டை இழந்தவர் தருமரே. எழுந்து போகவேண்டிய வேளையில் அவரால் எழ முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் ஏறத்தாழ இதனையே சொல்லுகின்றது. 2022ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில், விளையாட்டுக் கோளாறு என்பதும் ஒன்று. இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அங்கே வரையறுக்கப்படவில்லை. ஆட்டத்தை அடக்க முடியாமை, மற்றெல்லாவற்றையும் விட அதனையே முதன்மையாக்குதல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றுமே அடையாளங்கள். பொதுவாகப் பன்னிரண்டு மாத காலமேனும் இவை காணப்படவேண்டும். இவ்வடையாளங்கள் போட்டிக்குப் பயிலுபவனிடமும் இருக்கலாம், பஸ்ஸில் மிட்டாய் அடுக்குபவரிடமும் இருக்கலாம். ஆகவே பிள்ளையை நோக்கி, "எத்தனை மணி நேரம் ஆடினாய்?" என்று மட்டும் கேளாதீர்கள். "அழைத்தால் எழுந்து வருகிறானா?" என்றும் பாருங்கள். ஒரு மாலை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் கற்றுத் தா" என்று கேளுங்கள். அவன் எப்படி ஆடுகிறான் என்பதை அன்று அறிவீர்கள்.

நண்பர்களே, கோட்டைத் தவறான இடத்திற் கீறிவிட்டோம். கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையில் நாம் கீறியது பணத்தின் கோடு. இவ்வாண்டுப் போட்டியிலே கணினிக்கு ஒரு மேசை, கைத்தொலைபேசிக்கு ஒரு மேசை, கரம் பலகைக்கும் சதுரங்கத்துக்கும் ஒவ்வொரு மேசையாக, நான்கையும் ஒரே மண்டபத்தில் வைப்போம் என்று பணிவுடன் பிரேரிக்கின்றோம்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை நாம் ஹந்தானைக்குச் செல்லவிருக்கின்றோம். தம்பியிடம் முதலிற் கேட்கவேண்டியது மன்னிப்பு. வருவானோ, மாட்டானோ, அறியோம். போட்டிக்கு எழுதப்படும் முதற் பெயருக்குரிய இடத்தை மட்டும், அதுவரை வெறுமையாக விட்டுவைக்குமாறு காரியதரிசி அவர்களை வேண்டிக்கொண்டு அமர்கின்றோம்.