தோட்டின் ஏழு கற்கள்

சுட்டுவிரலை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி அதன் ரேகைகளை உற்றுநோக்குங்கள். எதிர்ச் சுவரிலுள்ள கடிகாரம் மங்கும். கடிகாரத்தை நோக்குங்கள், விரல் மங்கும். கண்ணுக்குள்ள இந்த இக்கட்டு காமிராவுக்கும் உண்டு. பொருள் சிறிதாகவும் அண்மையிலும் இருக்கும்போது அது பன்மடங்காகிறது.

இதை நாம் கற்றது ஓர் இழப்பினால். அன்னையார் மறைந்தபின் அவருடைய ஏழு கல் தோடுகளைச் சகோதரிகள் இருவருக்கும் பங்கிட நேர்ந்தது. கற்களைப் பிரித்துப் பொன்னை உருக்குவதென்று முடிவாயிற்று. அதற்கு முந்திய மாலை, டில்லியில் நம் வீட்டு மேசைமீது ஒரு தோட்டை வைத்துப் படமெடுத்தோம். வெளிச்சம் குறைவு, ஆதலால் லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8 வரை அகலத் திறந்தோம். காமிராவின் சிறு திரையில் படம் அழகாகவே தோன்றியது. பின்னாளில் அதே மாதிரியில் ஒரு தோடு செய்ய விரும்பி ஆசாரியிடம் படத்தைக் காட்டினோம். “ஐயா, நடுக்கல் தெரிகிறது, சுற்றியுள்ள ஆறு கல்லையும் எத்தனை கம்பி பிடித்திருந்தது?” என்றார். நம்மிடம் விடையில்லை.

காரணம் எளிது. லென்ஸ் கூர்மையாகக் காண்பது ஒரே ஒரு தளத்தை. அதற்கு முன்னும் பின்னும் சிறிது தூரம் நம் கண்ணுக்குத் தெளிவாகவே படும். அதுவே தெளிவின் ஆழம். 36க்கு 24 மில்லிமீட்டர் சட்டமுள்ள காமிராவில், பொருளின் இயல்பான அளவிலேயே பிம்பம் விழுமானால், எஃப் 2.8இல் இந்த ஆழம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். எஃப் 16இல் சுமார் 2 மில்லிமீட்டர். புளியங்கொட்டை அளவேயான நம் தோட்டிலோ, ஓரத்துக் கற்களைவிட நடுக்கல் 3 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது.

துவாரத்தைச் சுருக்கினால் தெளிவு ஏன் பெருகுகிறது? கண்ணாடியின்றிப் படிக்க இயலாதவர்கள், ஒரு தாளில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே எழுத்தைப் பார்க்கட்டும், எழுத்து துலங்கும். அகன்று வரும் ஒளிக்கற்றை ஒடுங்குவதால் மங்கலும் ஒடுங்குகிறது. ஆயினும் இதற்கு இரண்டு விலை உண்டு. எஃப் 2.8இலிருந்து எஃப் 16க்குப் போனால் ஒளி முப்பத்திரண்டில் ஒரு பங்காகும். வினாடியில் முப்பதில் ஒரு பங்கு போதுமாயிருந்த இடத்தில் ஒரு முழு வினாடி வேண்டும். எனவே முக்காலி இன்றியமையாதது. மேலும், துவாரம் மிகச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் சிதறி, படம் முழுவதுமே மென்மையாகிவிடும்.

ஆகவே வேறு உபாயங்களும் தேவை. தட்டையான நாணயமானால், காமிராவின் முகத்தை அதற்கு நேர் இணையாக நிறுத்துக; சிறிய ஆழமே போதும். மேடுபள்ளமான பொருளில், முன்விளிம்பையும் பின்விளிம்பையும் விடுத்து இடைப்பட்ட தளத்தைக் குறிவைக்க வேண்டும். இவ்வளவு அண்மையில் தெளிவு இருபுறமும் ஏறத்தாழச் சமமாகவே பரவும். சற்றுப் பின்வாங்குவதும் நன்று. பிம்பத்தைப் பாதி அளவாக்கினால் தெளிவின் ஆழம் மும்மடங்காகும். பின்னர் வேண்டிய பகுதியை மட்டும் பெரிதாக்கிக் கொள்ளலாம்.

இவையும் போதாவிடில், காமிராவை அசைக்காமல் குவியத்தை மட்டும் சிறிது சிறிதாக நகர்த்தி, எஃப் 8இல் ஐந்தாறு படங்கள் எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியைக் கணினி தேர்ந்து ஒரே படமாக இணைத்துத் தரும். நம் தோட்டுக்கு இதுவே தக்க வழியாயிருந்திருக்கும்.

வேறொன்றும் நினைவிற் கொள்க. பொருள் கையைவிட்டுப் போகுமுன், படத்தைப் பெரிதாக்கி, அதன் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிடுங்கள். மங்கியதை மறுபடி எடுக்க அப்போது மட்டுமே இயலும். அன்னையாரின் கற்கள் இன்று சகோதரிகளின் மோதிரங்களில் இருக்கின்றன. அவை ஒன்றாக அமைந்திருந்த விதத்தைக் காட்ட நம்மிடம் இருப்பது, ஒரு கல் மட்டுமே தெளிந்த அந்த ஒரு படம்.