உத்தரமேரூரைக் கால்நடையாகக் காண்போம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சுற்றுலா என்றவுடன் மலையும் கடலுமே நம் நினைவிற்கு வருகின்றன. சிற்றூர் ஒன்றில் ஒரு நாள் முழுதும் நடந்து பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். அவர்கட்கு விடையாகக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

இவ்வூருக்கு வருவோரில் பலர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு முன் காரை நிறுத்திக் கல்வெட்டைப் படமெடுத்துக்கொண்டு அரைமணியில் திரும்பிவிடுகின்றனர். ஊரில் ஒரு குவளைத் தேநீர்கூட அருந்துவதில்லை. அவர்கள் விட்டுச் செல்வது மிகுதி. அக்கல்வெட்டையே அவர்கள் சற்று நின்று படிப்பார்களாயின் நன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், ஊர்ச் சபையார் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டுவித்தனர். ஒருமுறை வகுத்த விதியை இரண்டே ஆண்டில் திருத்தியிருக்கின்றனர் என்பதை நோக்குக. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்கவேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க இயலாது. அவர் மட்டுமன்று, அவருடைய மைத்துனர், மருமகன், அத்தை மக்கள், மாமன் மக்கள் முதலான உறவினரும் நிற்க இயலாது! இவ்விடத்தைப் படிக்கும்பொழுது நம் உறுப்பினர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வழக்கம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அது அந்தணர் குடியிருப்பின் சபை. வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் உடைய ஆடவரே அதில் அமர்ந்தனர். ஏர் பிடித்தவனுக்கு அங்கே ஓலை இல்லை, பெண்டிர்க்கும் இல்லை. நம் மாநிலத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென்று சட்டமானது 2016-இல். பழம்பெருமை பேசும்பொழுது இதையும் சேர்த்துப் பேசுதல் நேர்மை.

நிற்க. அங்கிருந்து சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்கு நடக்கலாம். மூன்று நிலை விமானத்தில் இறைவன் கீழே நின்றும், நடுவே அமர்ந்தும், மேலே கிடந்தும் காட்சி தருகிறார். பல்லவர் காலத்துக் கைலாசநாதர் கோயிலில் அடி கல்லாகவும், மேல் விமானம் செங்கல்லாகவும் இருப்பதைக் கொத்தர்கள் அவசியம் பார்க்கவேண்டும்.

ஆயினும், உழவராகிய நாம் நெடுநேரம் நிற்கவேண்டிய இடம் ஏரிக்கரையே. வைரமேக தடாகம் என்பது இதன் பழைய பெயர். வைரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர். சபை இதனைக் காக்க அறுவர் கொண்ட ஏரி வாரியம் ஒன்றை அமைத்திருந்தது. தூர் எடுப்பதற்கென்றே பொன் கொடுத்து வைத்த செய்தியும் கல்வெட்டுகளில் உண்டு. வண்டல் தானாகக் கரையாது என்று அவர்கள் அறிந்திருந்தனர். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், மார்கழி தை மாதங்களில், காலை வெயில் ஏறுமுன் கரைமேல் நடந்து சென்றால், மதகும் அதன்கீழ் விரியும் வயல்களும் ஒரு பாடநூலைப்போல் விளங்கும். நூறு ஏக்கருக்குட்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் இன்று ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளமையால், இந்நடை உங்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று.

இன்னும் ஒரு நாள் ஒதுக்க இயலுமாயின், கிழக்கே கரிக்கிலிக்கும் தென்கிழக்கே வேடந்தாங்கலுக்கும் செல்லுங்கள். இரண்டும் செங்கற்பட்டு மாவட்டத்தவை. 2022-இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பெற்றவை. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்தது அருளினால் மட்டுமன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்டனர். பறவைகளைச் சுடவந்த வெள்ளையரை எதிர்த்தனர். அவர்தம் உரிமையை 1858-இல் மாவட்ட ஆட்சியர் ஏற்றார். உழவனின் கணக்கும் பறவையின் வாழ்வும் ஒத்துப்போன இடம் அது.

இவற்றைக் கண்டு திரும்பியபின் உங்கள் ஊரில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் வண்டிப்பாதை என்றும் நடைபாதை என்றும் காணப்படுவனவற்றை நடந்தே பாருங்கள். வரைபடத்தில் பாதை இருக்கும். தரையில் வரப்போ, வேலியோ, வைக்கோற்போரோ இருக்கும். ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக்காலும் அப்படியே மறைந்திருக்கலாம். யார் அடைத்தார் என்ற பூசலை முதல் நாளே தொடங்கவேண்டா. சர்வே எண்ணோடு குறித்துக்கொண்டு, கிராம சபையில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் பள்ளிச் சிறுவர் இருவரையும் உடன் அழைத்துச் செல்லுதல் நலம். முன்னவர்க்குப் பாதை நினைவிருக்கும், பின்னவர்க்கு இனிமேல் நினைவிருக்கும். அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும் மாசி மாதமே இதற்கு ஏற்ற காலம்.