ஆட்டக்காரரின் ஊதியமும் ரசிகரின் கடமையும்



பெங்களூரின் தென்கிழக்கே, கோரமங்கலாவை ஒட்டி அமைந்திருப்பது ஈஜிபுரா. 1997-ஆம் ஆண்டில் கருநாடகத்தில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுப்பப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு இதன் அருகிலேதான் இருக்கிறது. இன்றும் அதற்கு 'நேஷனல் கேம்ஸ் வில்லேஜ்' என்றே பெயர். விவேக் நகரையும் ஆஸ்டின் டவுனையும் கடந்து சென்றால் அசோக் நகரின் கால்பந்து அரங்கத்தை அடையலாம். தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இந்தத் தெருக்களில், கிரிக்கெட்டுக்கு அடுத்தபடி என்று சொல்லிக் கால்பந்தைத் தள்ளிவிட முடியாது.

இந்த ஆசை நேற்று முளைத்ததன்று. 1937-ஆம் ஆண்டிலேயே பெங்களூர் முஸ்லிம்ஸ் குழுவினர் பம்பாய்க்குச் சென்று ரோவர்ஸ் கோப்பையை வென்று வந்தனர். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில், பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதற் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூரைச் சேர்ந்தவர். இத்தகைய ஊரில் கால்பந்து ஆட்டக்காரருடைய சம்பளம் நின்றுபோனால், அந்தச் செய்தி விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துவிடுமா? முடிந்துவிடக் கூடாது என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

நடந்தது என்ன என்பதை முதலிற் பார்ப்போம். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-ஆம் ஆண்டில் பதினைந்து ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆட்டங்களை நடத்தி விளம்பரத்தாலும் ஒளிபரப்பாலும் வருவாய் தேடும் உரிமையை அதன்மூலம் ஒரு வணிக நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் அந்த ஒப்பந்தத்தின்மீது நின்றது. 2025 டிசம்பரில் அதன் காலம் முடிவதாயிருந்தது. புதிய ஒப்பந்தம் எழுதப்படவில்லை. சம்மேளனத்தின் அமைப்பு விதிகளைப் பற்றிய வழக்கோ உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஆகவே 2025 ஜூலையில், அடுத்த ஆண்டுப் போட்டிகள் நிறுத்திவைக்கப்படுவதாக லீகை நடத்துவோர் அறிவித்தனர். அதற்கு அடுத்த மாதமே, 2013-இல் தோன்றி 2018-19 பருவத்தில் இந்த லீகின் கோப்பையையும் வென்ற பெங்களூரு எஃப்.சி., முதல் அணி ஆட்டக்காரர்களுடையவும் பணியாளர்களுடையவும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாகத் தெரிவித்தது. இளைஞர் அணிகளுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் இடையூறு இராது என்றும் சொல்லிற்று. சென்னையின் எஃப்.சி.யும் அதே மாதத்தில் தன் பணிகளை நிறுத்திவைத்தது.

'காலவரையின்றி' என்ற சொல்லைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். சர்க்கார் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் பழக்கமானது. தொழிலாளர் வேலைக்குச் செல்ல மறுக்கும்போதுதான் பெரும்பாலும் இதை எழுதுகிறோம். 'காலவரையற்ற வேலைநிறுத்தம்' என்பது நாளிதழ் படிப்போர் யாவரும் அறிந்த தொடர். இங்கோ வேலை செய்ய மறுத்தவர் எவருமில்லை. ஆட்டக்காரர்கள் ஆடுவதற்கு ஆயத்தமாக இருந்தார்கள். நின்றது அவர்களுடைய கால் அன்று. அவர்களுக்கு வரவேண்டிய கூலி. எந்த மாதம் வரை என்பதும் சொல்லப்படவில்லை. வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மட்டும் காலவரையோடுதான் வந்து நிற்கின்றன.

இச்செய்தி பரவியபோது ரசிகர்களிடையே எழுந்த பேச்சுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர், "கோடி கோடியாக வாங்குகிறவர்கள்தாமே, சில மாதம் பொறுத்தால் என்ன?" என்றனர். பெரும் பணம் பெறுவோர் சிலர் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் அணி என்பது பதினொரு பேர் அன்று. அதில் உடை துவைப்பவர் உண்டு. தசைப்பிடிப்பு நீக்குபவர் உண்டு. பந்தும் வலையும் சுமப்பவர் உண்டு. வாயிலில் காவல் நிற்பவர் உண்டு. மணிப்பூரிலிருந்தும் மிசோரத்திலிருந்தும் வந்து, முதல் சம்பளத்தை அப்படியே ஊருக்கு அனுப்பும் இளைஞரும் உண்டு. நட்சத்திரத்தின் வருவாயைக் கொண்டு இவர்களுடைய வருவாயை மதிப்பிடுவது நியாயமாகாது. மேலும் ஆட்டக்காரரின் தொழிற்காலம் குறுகியது. குமாஸ்தா அறுபது வயது வரை நாற்காலியில் அமரலாம். ஆட்டக்காரருக்கோ முப்பத்தைந்து வயதே முதுமை. அவர் இழக்கும் ஒரு பருவம் திரும்பக் கிடைப்பதில்லை.

இரண்டாம் வகையினர், "முதலாளிக்கும் நஷ்டம்தானே, அவர் எங்கே போவார்?" என்றனர். இதிலும் உண்மையில்லாமலில்லை. இந்தியக் கால்பந்தில் பணம் போட்டவர்கள் இலாபம் கண்டது அரிது. 2025 நவம்பரில் லீகின் வணிக உரிமைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஒருவரும் கேட்க முன்வரவில்லை என்பதே அதற்குச் சான்று. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இலாபம் வந்தால் பங்கு கேட்கும் உரிமை உடை துவைப்பவருக்கு இல்லை. அவ்வாறிருக்க, நஷ்டம் வரும்போது மட்டும் அவரை முதற் பங்காளியாக்குவது எந்தக் கணக்கு?

மூன்றாம் வகையினர், "யார் பக்கம் நியாயமோ எமக்கு வேண்டாம், ஆட்டம் நடந்தால் போதும்" என்றனர். எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் இவர்களே என்று தோன்றுகிறது. இவர்களுடைய ஏக்கம் நமக்கும் உண்டு. ஆனால் ஆட்டம் என்பது ஆடுகிறவரை விட்டுத் தனியே இருக்கும் ஒரு பொருளா?

ஆட்டக்காரரும் ரசிகரும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்பியிருக்கின்றனர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2018 ஜூன் முதல் தேதியன்று மும்பையில் இந்தியா ஐந்து கோல் போட்டு வென்ற ஆட்டத்தைக் காண வந்தவர் 2,569 பேர் மட்டுமே. மறுநாள், இந்திய அணியின் தலைவரும் பெங்களூரு எஃப்.சி.யின் தலைவருமான சுனில் சேத்ரி, எங்களைத் திட்டுவதானாலும் அரங்கத்துக்கு வந்து திட்டுங்கள் என்ற பொருளில் மக்களை வேண்டிக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு நுழைவுச் சீட்டு யாவும் விற்றுத் தீர்ந்தன. 2025 நவம்பரில் அதே சேத்ரியும் உடன் ஆடும் மூத்த வீரர்களும் மீண்டும் மக்கள்முன் பேச நேர்ந்தது. அம்முறை அவர்கள் கேட்டது கைதட்டலன்று. ஆடுவதற்கு ஒரு களம். முன்னதற்குத் திரண்டு வந்த நாம் பின்னதற்கு எவ்வளவு செவி கொடுத்தோம் என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெங்களூரில் முற்காலத்தில் வேறொரு முறை இருந்தது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை ஆலைகள் கால்பந்து அணிகளை வைத்திருந்தன. அவற்றில் ஆடியவர் ஆலையின் ஊழியர். போட்டி நின்றாலும் அவருடைய சம்பளம் நிற்காது. கால் ஓய்ந்த பின்னும் வேலை உண்டு. இன்றைய தொழில்முறை ஆட்டம் கூடுதலான பணத்தைக் கொடுத்தது; அந்தக் காப்பை எடுத்துக்கொண்டது. பழைய முறைக்குத் திரும்புவோம் என்று நாம் சொல்லவில்லை. காப்பு போன இடத்தில் புதிய காப்பு ஒன்று வேண்டும் என்றே சொல்கிறோம்.

அதை மற்ற நாட்டார் எப்படித் தேடிக்கொண்டனர்? இங்கிலாந்தில் ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்று ஒரு விதி இருந்தது. ஜிம்மி ஹில் என்பவரின் தலைமையில் அவர்களுடைய சங்கம் வேலைநிறுத்தம் செய்யத் துணிந்தது. 1961 ஜனவரியில் அந்த உச்சவரம்பு நீங்கிற்று. கூலி கூடினால் ஆட்டம் கெடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆட்டம் கெடவில்லை, ஐந்தே ஆண்டுகளில், 1966-இல், அந்நாடு உலகக் கோப்பையை வென்றது. அங்கே ஆட்டக்காரருக்கு உறுதியான சங்கம் இருந்தது. இங்கும் ஆட்டக்காரர் சங்கம் ஒன்று உண்டு; ஆனால் அதன் குரலுக்கு அந்த வலிமை இன்னும் வாய்க்கவில்லை. வலிமை வாய்ப்பதற்குப் பொதுமக்களின் ஆதரவும் வேண்டும்.

2026 ஜனவரி 6-ஆம் தேதி மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர், பிப்ரவரி 14 முதல் பதினான்கு கழகங்களும் பங்குகொள்ளச் சுருங்கிய வடிவில் லீக் நடைபெறும் என்று அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் அதனோடு கூடவே, சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள இயலுமா என்ற பேச்சும் ஆட்டக்காரர்களிடம் சென்றது. எனவே விளக்கு எரிந்து பந்து உருண்டதும் எல்லாம் சீராகிவிட்டது என்று நாம் எண்ணிவிடலாகாது.

ரசிகர் என்ன செய்யலாம்? அவர் கையில் சட்டமும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் கேள்வி இருக்கிறது. வரும் பருவத்துக்கு யாரை வாங்கினீர்கள் என்று கழகத்தைக் கேட்கும் நாம், சென்ற மாதச் சம்பளம் எல்லாருக்கும் சேர்ந்ததா என்றும் கேட்கலாம். அரங்கின் மேற்குப் பகுதியில் நின்று பாட்டும் முழக்கமுமாக அணியைத் தாங்கும் ரசிகர் கூட்டம் பெங்களூரில் உண்டு. அந்தக் குரல் கோலுக்கு மட்டுமன்றிக் கூலிக்கும் எழுமானால், அதைக் கேளாதது போல் எந்த நிர்வாகமும் இருந்துவிட முடியாது.

ஈஜிபுராவில் வாழ்வோர் பெரும்பாலும் மாதச் சம்பளத்தை நம்பியவர்கள். கணினி நிறுவனத்தார் ஆயினும், தையல் ஆலைக்குச் செல்லும் பெண்கள் ஆயினும், இரவுக் காவலர் ஆயினும், சம்பளம் வராத மாதம் எத்தகையது என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தமக்கு நேர்ந்தால் அநீதி என்று அறிவதை, தாம் கொண்டாடும் ஆட்டக்காரருக்கு நேரும்போது விளையாட்டுச் செய்தி என்று விட்டுவிடாமல் இருப்பதே ரசிகரின் முதற் கடமை.