குவார்ட்டரில் நிரம்பும் கஜானா

(ஒசூரில் தொழிலாளர், மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

சம்பள நாள்ல சிப்காட்டில் ஷிப்டு விட்டதும் எங்கே கூட்டம் சேருதுன்னு உங்களுக்கே தெரியும். ஒப்பந்தக் கூலி வாங்கின கை, வீட்டு வாசலை மிதிக்கும் முன்னாலேயே அரசுக்கு வரி கட்டிவிடுகிறது. அந்த வரிக்குப் பேர்தான் குவார்ட்டர்.

"கடையை மூடினா பணத்துக்கு எங்கே போறது?" ஆட்சியில் எவர் இருந்தாலும் இதே பதில்தான். இந்தக் கேள்வி நம்ம மண்ணுக்குப் புதுசில்லை. பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1.10.1937ல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். ஒசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அதற்குள்தான். விழுந்த துண்டை அடைக்க 1939ல் விற்பனை வரி போட்டார். 1953ல் குலக்கல்வி கொண்டுவந்தவரை நாம் கொண்டாட வேண்டியதில்லை. அந்த வரியும் கடைசியில் வாங்குகிறவன் தலையில்தான் விழுந்தது. ஆனாலும் பண்ணையாரும் கட்டினார், பண்ணையாளும் கட்டினான்.

பிறகு 1971ல் மதுக்கடை திறந்தார்கள். விற்பனை வரியை எடுத்தார்களா? இல்லை. இப்போ ரெண்டையும் கட்டறோம்!

2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. அந்த நிதியாண்டில் வருவாய் சுமார் 3,600 கோடி. 2023-24ல் 45,000 கோடிக்கு மேல். 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபின், மாநிலம் தன் இஷ்டத்துக்கு வரி ஏற்ற மிஞ்சியவற்றில் மது முக்கியமானது. அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

அப்போ தடை போட்டாப் போதுமா? போதாது. 2007 ஜூலையில் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. 2008 மே மாதம் எல்லையின் இரு பக்கமும் விஷச் சாராயத்தில் 150 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். செத்தவர்கள் யார்? கூலிகள், அதில் பலர் தலித்துகள். கடை திறந்தாலும் நம்ம காசு, மூடினாலும் நம்ம உயிர்.

ஆகவே கேள்வி 'குடிக்கலாமா கூடாதா' என்பதல்ல. பற்றாக்குறையை யார் அடைப்பது என்பதே. ஆலைக்கு நிலமும் சலுகையும் கொடுக்கும்போது கஜானா காலியாவது எவர் கண்ணிலும் படுவதில்லை. கூலிக்காரன் பாட்டிலைக் கீழே வைக்கும்போது மட்டும் கஜானா அழுகிறது.

கிராம சபைகளில் கணக்குக் கேளுங்கள்: எங்க ஊர்க் கடையில் எவ்வளவு எடுத்தீங்க? எங்க காலனிக்கு எவ்வளவு திரும்பி வந்தது? குடிநோய்க்கு வைத்தியம் எங்கே? தாலியறுத்த பெண்ணுக்கு வேலை எங்கே?

இதுக்குப் பதில் வாங்காம எழுந்திருக்காதீங்க.