பட்டமும் பங்கும்

(மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தி பேசும் மாநிலங்களில் பார்வையற்ற ஒருவரை, அவருடைய பெயரைக் கேளாமலேயே 'சூர்தாஸ்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. கண்ணனைப் பாடிய பக்திக் கவிஞர் சூர்தாசர் பார்வையற்றவர் என்பது மரபு. அழைப்பவர் அதை மரியாதை என்றே கருதுகிறார். பார்வையின்மை முற்பிறவி வினையின் பயன் என்று பேசுவோரும் அதே ஊரில் உண்டு. பல வேளைகளில் இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான். போற்றலும் தூற்றலும் ஒரே மனத்தில் எவ்வாறு குடியிருக்கின்றன? சொத்துரிமையின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம், பிறவியிலேயே பார்வையற்றோரையும் செவித்திறன் அற்றோரையும் குடும்பச் சொத்தில் பங்கு பெறத் தகாதவர்களின் வரிசையில் வைக்கிறது. பங்கு பெறுவோர் இவர்களுக்குச் சோறும் துணியும் அளித்தால் போதும். மகாபாரதத்தில் மூத்தவனான திருதராஷ்டிரனுக்கு அரியணை மறுக்கப்பட்டதும் பார்வையின்மையைக் காரணம் காட்டியே. இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் நீதிமன்றங்கள் இந்து சட்டம் என்ற பெயரில் இவ்விலக்கை நடைமுறைப்படுத்தின. 1928ஆம் ஆண்டின் சட்டம் அதைப் பெருமளவு அகற்றியது. நோயோ உடற்குறையோ வாரிசுரிமைக்குத் தடையாகாது என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அறுதியிட்டது. சோறு உண்டு, பங்கு இல்லை என்ற ஏற்பாட்டின் பிள்ளைதான் இரக்கம்.

ஏற்பாடு மாறினால் பார்வையும் மாறும் என்பதற்குக் கிழக்காசியா சான்று. ஜப்பானில் தொகுகாவா ஆட்சிக் காலத்தில் பார்வையற்ற ஆண்களுக்கெனத் தனித் தொழிற்குழு இருந்தது. இசை, மசாஜ், அக்குபங்சர் ஆகியவை அவர்களுடைய வாழ்வாதாரங்கள். 1871இல் மெய்ஜி அரசு அக்குழுவைக் கலைத்தது. ஆனால் தொழில் தொடர்ந்தது. ஜப்பானின் காலனியாக இருந்த கொரியாவுக்கும் சென்றது. இன்றும் தென்கொரியாவில் மசாஜ் தொழிலுக்கான உரிமம் பார்வையற்றோருக்கே உரியது. 2006இல் அரசியல் சட்ட நீதிமன்றம் இந்த ஒதுக்கீட்டைச் செல்லாது என்றபோது, அவர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தால் அதை மீட்டளித்தது. 2008இல் நீதிமன்றமும் ஏற்றது. அங்கே பார்வையற்றவர் ஓர் உழைப்பாளியாக அறியப்படுகிறார். எனினும், ஒரே தொழிலின் வேலிக்குள் நிற்கும் உரிமை அரை உரிமையே. ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ விரும்பும் இளைஞருக்கு அந்த வேலி சிறையாகிவிடும்.

இந்தியாவில் 2015 டிசம்பரில் பிரதமர் 'திவ்யாங்', அதாவது தெய்வீக உறுப்புடையோர், என்ற பட்டத்தை முன்மொழிந்தார். உரிமை கேட்போரைத் தெய்வமாக்க வேண்டாம் என்று மாற்றுத்திறனாளிகளின் இயக்கங்கள் எதிர்த்தன. பட்டத்தின் பெறுமதியை ஓய்வூதியத்தில் காணலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, கடுமையான குறைபாடுடைய ஒருவருக்கு, 80 வயதை எட்டும்வரை, ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் ரூ.300. நாளொன்றுக்குப் பத்து ரூபாய்! மனுநூலின் சோறும் துணியும்கூட இதைவிட அதிகம் அல்லவா?

2011 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்கள் பெற்றவை எவையும் இரக்கத்தால் வந்தவை அல்ல. 1995இல் வென்ற 3 சதவீத இடஒதுக்கீடு 2016ஆம் ஆண்டின் சட்டத்தில் 4 சதவீதமாயிற்று. மத்தியப் பிரதேசத்தில் நீதித்துறைப் பணியிலிருந்து பார்வையற்றோரை விலக்கிய விதியை 2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. திருதராஷ்டிரனுக்கு மறுக்கப்பட்ட நாற்காலி, சட்டத்தின் கண்ணில் இனி எவருக்கும் மறுக்கப்படலாகாது.

ஆனால் தீர்ப்பு தானாக நியமன ஆணை ஆகிவிடாது. நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களை நிரப்பவும், ஓய்வூதியத்தை வாழத்தக்க அளவுக்கு உயர்த்தவும் ஒவ்வொரு தொழிற்சங்கமும், விவசாயிகள் சங்கமும், மாதர் அமைப்பும் தம் கோரிக்கைப் பட்டியலில் இடம் தர வேண்டும். வேலையும் வருமானமும் உடைய மனிதரை எந்த ஊரும் பெயர் சொல்லியே அழைக்கும்.