ஏழு ஊர் சேர்ந்து நடத்தும் கல்யாணம்

திருவையாறு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தியாகராஜர் ஆராதனை: காவிரிக்கரைப் பந்தல், பஞ்சரத்தின கீர்த்தனை, நேரடி ஒளிபரப்பு. அந்தக் கீர்த்தனைகளை இயற்றிய தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரியில். அவருடைய சமாதியில் 1920-களில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்றிருந்த நாளில், பெண்களைத் திரட்டிப் பாட வைத்தவரும் அவர்தான்.

ஆனால் உள்ளூர்க்காரரிடம் "உங்க ஊர்த் திருவிழா எப்போ?" என்று கேட்டுப் பாருங்கள். "சித்திரையில, ஏழூர்" என்பார். ஆராதனை பெரும்பாலும் வரும் தை மாதம் இங்கே சம்பா அறுவடைக் காலம். கச்சேரி கேட்க நேரம் ஏது?

ஏழூர்த் திருவிழாவின் கதை ஒரு கல்யாணக் கதை. திருவையாற்றுச் சிவனான ஐயாறப்பர் தன் பிள்ளையாக ஏற்ற நந்திக்குப் பங்குனிப் புனர்பூசத்தில், கொள்ளிடத்துக்கு அக்கரையில் திருமழபாடியில், சுயசாம்பிகையோடு திருமணம். அந்தக் கல்யாணத்துக்குப் பழம் வந்தது திருப்பழனத்திலிருந்து. சாப்பாடு திருச்சோற்றுத்துறை, வேதியர் திருவேதிகுடி, நகை திருக்கண்டியூர், பூ திருப்பூந்துருத்தி, நெய் திருநெய்த்தானம், அதாவது இன்றைய தில்லைஸ்தானம். உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? அதனால்தான் சித்திரை விசாகத்தையொட்டி, ஐயாறப்பரும் அம்மன் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கில் ஏறி, மணமக்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். புது மாப்பிள்ளை நந்திக்கு வெட்டிவேர்ப் பல்லக்கு. பல்லக்கு வீதி முனைக்கு வருமுன்பே வெயிலில் அந்த வாசனை வந்துவிடும். போகிற ஊர்ச் சாமியும் தன் பல்லக்கோடு கூடவே கிளம்பிவிடும். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், பானகம், அன்னதானம்.

காவிரியும் குடமுருட்டியும் குறுக்கே ஓடும் ஊர்களில் இவ்வளவு பல்லக்குகளைத் தோளில் சுமப்பது எப்படி? சித்திரையில் ஆறு மணலாகக் கிடக்கும். மேட்டூர் அணை திறப்பதே வழக்கமாக ஜூன் 12-ல்தான். அறுவடை முடிந்திருக்கும், நெல்லும் வீட்டில் இருக்கும், வயலில் வேலை இராது. தேதியை முதலில் குறித்தது பஞ்சாங்கமா, ஆறா? என்னைக் கேட்டால் ஆறு என்பேன்.

கடைசியில் ஏழு பல்லக்குகளும் திருவையாற்றுத் தேரடிக்கு வந்து சேரும். அங்கே ஒரு பொம்மை ஒவ்வொரு சாமிக்கும் பூப்போடும். பெரியவர்களும் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தப் பொம்மைக்காகவே நெரிசலில் நிற்பார்கள். இந்த ஏழூர் ஏற்பாடு மற்ற ஊர்க்காரர்களுக்கும் பிடித்துப்போனது போலிருக்கிறது. கும்பகோணத்திலும் சக்கரப்பள்ளியிலும் இதேபோல் ஏழூர்ப் பல்லக்கு உண்டு.