மெழுகு காக்கும் மின்கலம்

டில்லியிலும் லக்னோவிலும் குடியேறிய நம்மவர்க்கு முதற் குளிர்காலத்தில் வியப்பளிக்கும் காட்சிகளுள் ஒன்று, தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கட்டியாய் உறைந்து நிற்பது. அதை வெயிலில் வைத்துவிட்டு, தலைமுழுக்கு நாளன்று நாம் பொறுமையிழந்து நிற்கிறோம். எண்ணெயோ வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் உருகி முடியும் வரையில் அதன் சூடு அதிகம் ஏறுவதில்லை. வாங்கிய வெப்பமெல்லாம் கட்டியைத் திரவமாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் ஜோசப் பிளாக் பனிக்கட்டியைக் கொண்டு ஆராய்ந்து விளக்கிய உள்ளுறை வெப்பம் இதுவே.

இவ்வியல்பு சந்திரனிலும் பயன்பட்டது. 1971-ஆம் ஆண்டில் அப்பல்லோ 15 பயணத்தின்போது ஸ்காட், இர்வின் என்னும் இருவர் அங்கே மின்சார ஊர்தி ஒன்றை ஓட்டினர். வெப்பத்தை ஏற்றுச் செல்லக் காற்றில்லாத இடம் அது, விசிறியால் பயனில்லை. வெப்பத்தை வெளியே வீசும் தகடுகளைத் திறந்து வைத்தாலோ, சக்கரங்கள் வாரியிறைக்கும் புழுதி அவற்றின்மேல் படிந்துவிடும். ஆகவே ஓடும் வேளையில் தகடுகளை மூடிவைத்தனர். மின்னணுக் கருவிகளின் சூட்டை மெழுகுப் பெட்டிகள் உருகி ஏற்றுக்கொண்டன. வண்டி நின்றபின் மூடியைத் திறந்தால், மெழுகு சூட்டை விண்வெளிக்கு விட்டுவிட்டு மீண்டும் உறையும்.

இன்று நம் ஸ்கூட்டர்களிலுள்ள லித்தியம் பாட்டரிகளுக்கும் இம்முறையை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். ஒரு கிலோ பாரபின் மெழுகு உருக ஏறக்குறைய 200 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை 48 பாகை சூடேற்ற அவ்வளவே போதும். ஆனால் மெழுகு வெப்பத்தை எளிதில் கடத்தாது. கலத்தை ஒட்டிய பகுதி உருகிவிட, அப்பாலுள்ளது கட்டியாகவே கிடக்கும். அதனாற்றான் அதைக் கிராபைட்டுடன் கலக்கின்றனர். மெழுகு எரியும் பொருள் என்பதும் மறக்கத்தக்கதன்று. 2022-ஆம் ஆண்டுக் கோடையில் நம் நாட்டில் மின் ஸ்கூட்டர்கள் சில தீப்பற்றி உயிர்ச்சேதமும் நேர்ந்ததை நாம் அறிவோம். கலத்திலேயே குறையிருப்பின் மெழுகு மட்டும் அதைத் தீர்த்துவிடாது.

இதனினும் பெரிய இடையூறு வட நாட்டுக் கோடையே. மெழுகு வெப்பத்தை ஒழிப்பதில்லை. சற்று நேரம் வைத்திருக்கிறது, அவ்வளவே. மீண்டும் உறைந்தாலன்றி மறுநாள் அது உதவாது. 28 பாகையில் உருகும் மெழுகு, ஜூன் மாத டில்லியில் 30 பாகைக்குக் கீழே இறங்காத இரவில் உறைவது எங்ஙனம்? அன்றி, 60 பாகையில் உருகுவதைத் தேர்ந்தால், அது உருகத் தொடங்குமுன்னரே பாட்டரி கெடத் தொடங்கிவிடும். எனவே இந்நாட்டிற்கு 40 முதல் 45 பாகைக்குள் உருகும் மெழுகே ஏற்றதென்று நமக்குத் தோன்றுகிறது. அதுவும் மே மாதப் பிற்பகலில், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள், ஓடத் தொடங்குமுன்னரே உருகிவிடக்கூடும். ஆதலின் மெழுகு இருப்பினும் இல்லாவிடினும் வண்டிக்கு நிழல் வேண்டும். மின்னேற்றும்போதும் பாட்டரி சூடாகுமாதலால், ஓடிவந்த வண்டியைச் சிறிது ஆறவிட்டபின் இணைத்தல் நலம்.